முழங்கைக்கு ஆபரேஷனா? கையெழுத்திடுமுன் சில வார்த்தைகள்

முதுகு வலியைச் சொல்லாத தொழிலாளி தோட்டத்தில் இல்லை. முழங்கை வலியை மட்டும் பலர் வெளியில் சொல்வதில்லை. வீக்கம் இல்லை, காயம் இல்லை, எக்ஸ்ரே எடுத்தாலும் எலும்பில் பெரும்பாலும் குற்றம் தெரிவதில்லை. காட்டுவதற்கு ஒன்றுமில்லாத வலியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? மண்டோர் பாசாங்கு என்று சொல்லிவிடுவாரோ என்ற கூச்சத்தில், மாதக்கணக்காகத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உளியைப் பிடிக்கிறார்கள். கடைசியில் கை சுத்தமாக மறுத்துவிடும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே "ஆபரேஷன் செய்துகொள்ளலாம்" என்ற வார்த்தை காதில் விழுந்தவுடன், ஒன்று பயந்து ஓடி வருகிறார்கள், அல்லது நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

இந்த நோவுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டென்னிஸ் எல்போ. நம்மவர்களில் எத்தனை பேர் டென்னிஸ் மட்டையைத் தொட்டிருப்பார்கள்! 1880-களில் இங்கிலாந்தில் புல்வெளியில் டென்னிஸ் ஆடிய கனவான்களின் கையில் இதைக் கண்டு அப்படிப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1873-இல், ருங்கே என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வைத்துவிட்டார். அவர் கண்டது பேனா பிடித்து எழுதுகிறவர்களின் கையில். ஆகவே கணக்கு எழுதும் கிராணிகளான நமக்கும் இந்த நோயில் பாத்தியதை உண்டு. ஆனால் பேனாவின் பாரம் எங்கே, உளியின் பாரம் எங்கே?

முழங்கையின் வெளிப்புறத்தில் தடவிப் பார்த்தால் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நரம்புக் கயிறுகள் அந்த முண்டில்தான் வந்து கட்டப்பட்டிருக்கின்றன. கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு தரமும், மணிக்கட்டு மடிந்துவிடாமல் அந்தக் கயிறுகள் இழுத்து நிற்கவேண்டும். ஒரு நிரையில் ஐந்நூறு மரம் என்று வைத்துக்கொண்டாலும், மரத்துக்குப் பல இழுப்பு. காலையில் மட்டும் ஆயிரக்கணக்கான தடவை உளி பிடித்த கை இறுகித் திரும்புகிறது. அதன் பிறகு மங்கில் உள்ள பாலை ஊற்றவேண்டும், ஒட்டுப்பாலைப் பிய்க்கவேண்டும், நிறைந்த வாளியைத் தூக்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் பெண்களுக்குத் துணி பிழிகிற வேலையும் சட்டி தூக்குகிற வேலையும் காத்திருக்கின்றன. ஆற நேரமில்லாத கயிறு உள்ளுக்குள்ளே நைந்துபோகிறது. இதை வெறும் அழற்சி என்று முன்பு நினைத்தார்கள். கயிறே இழை இழையாகத் தேய்ந்து, சரியாகக் கூடாமல் நிற்பதுதான் இதன் மூலம் என்பது இன்றைய வைத்தியர்களின் கருத்து.

வலி வந்திருப்பதைத் தொழிலாளி சொல்வதற்கு முன்பே செக்ரோல் சொல்லிவிடும். நாள்தோறும் பால் நிறுவை எழுதுகிற நமக்கு அது தெரியும். மழை இல்லை, இலையுதிர் காலமும் இல்லை, பக்கத்து நிரையில் பால் குறையவும் இல்லை. ஒருவருடைய நிறுவை மட்டும் வாராவாரம் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று இறங்கும். கேட்டால், "ஒன்றுமில்லை கிராணி ஐயா, மரம் சரியில்லை" என்பார்கள். சரியில்லாதது மரமல்ல. வலிக்குப் பயந்து வெட்டு ஆழம் குறைந்திருக்கும், அல்லது கடைசி ஐம்பது மரத்தைத் தொடாமலே விட்டிருப்பார்கள்.

நமது டிவிசனில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பால் வெட்டும் அக்காள் ஒருவருக்கு எட்டு மாதமாக இந்த வலி. தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலும் கை நடுங்குகிறது. பட்டணத்துத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். இரண்டு ஊசிக்குப் பிறகு, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று சொல்லி, ஒரு தொகையையும் சொல்லி, காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்காள் நம்மிடம் வந்தார்.

"கிராணி ஐயா, கத்தி வைத்தால் மறுபடியும் ஐந்நூறு மரம் வெட்டலாமா? இல்லாவிட்டால் இப்போதே வேலையை விட்டுவிடட்டுமா?"

"அக்கா, இந்த எட்டு மாதத்தில் ஒரு மாதமாவது உளியைக் கீழே வைத்திருந்தீர்களா?"

"வைத்தால் அரிசிக்கு எங்கே போவது?"

விஷயம் முழுவதும் அந்தக் கடைசிப் பதிலில் அடங்கியிருக்கிறது. ஆபரேஷனா, வேலையை விடுவதா என்ற இரண்டே வழியை அவர் முன் வைத்துவிட்டார்கள். முதலில் வைக்கவேண்டிய மூன்றாவது வழியை, அதாவது சில மாதங்களுக்குக் கையின் பாரத்தைக் குறைத்துப் பார்ப்பதை, யாரும் அவருக்குக் கொடுக்கவே இல்லை. கொடுத்துப் பார்க்காமல், "எல்லா வைத்தியமும் தோற்றுவிட்டது, இனி கத்திதான்" என்று எப்படிச் சொல்ல முடியும்? நமது கட்சி இதுதான்: வேலையை இலேசாக்கிப் பார்க்காத வரையில் அந்தக் கைக்கு வைத்தியம் தொடங்கவே இல்லை.

இது வெறும் சங்கப் பேச்சு அல்ல. விசேஷ வைத்தியம் எதுவும் செய்யாமல் விட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2022-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. இரண்டரை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மீந்திருக்கும் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வலி தீர்ந்துவிடுகிறது. ஒரு வருஷம் முடிவதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் குணமாகிவிடுகிறார்கள். வலி பல மாதமாகிவிட்டதாலேயே இனி தானாக ஆறாது என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதும் அந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. அந்த நோயாளிகள் எல்லோரும் நம்மைப்போல் மரம் வெட்டுகிறவர்கள் அல்ல என்பது உண்மைதான். கைக்கு ஓய்வு கிடைத்தவர்களுக்குக் கிடைத்த பலன் ஓய்வில்லாதவருக்கு அப்படியே கிடைத்துவிடாது. அதனால்தான் இலேசு வேலையை வைத்தியம் என்கிறோம். அதைச் சலுகை என்று யாரும் பேசவேண்டியதில்லை.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நமது ஜனங்கள் ஏமாறுவது அங்கேதான். கார்ட்டிசோன் ஊசி போட்டால் ஒரு வாரத்தில் வலி பறந்துவிடும். போட்டவருக்கும் சந்தோஷம், போட்டுக்கொண்டவருக்கும் சந்தோஷம், ஆள் திரும்பி வந்ததில் நிர்வாகத்துக்கும் சந்தோஷம். ஹாலந்து தேசத்தில் 185 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நல்ல குணம். உடற்பயிற்சி வைத்தியம் பெற்றவர்களில் 47. ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 32. இத்தோடு நிறுத்தினால் ஊசிதான் ராஜா. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசிக்காரர்களில் 69 பேர்தான் குணம். பயிற்சி செய்தவர்களில் 91. சும்மா இருந்தவர்களில் 83. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் 198 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியான ஆராய்ச்சியிலும் இதே கதைதான். ஊசியால் முதலில் குணம் கண்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வலி திரும்பி வந்துவிட்டது.

ஊசி வலியை மறைக்கிறது; நைந்த கயிறு நைந்தபடியே இருக்கிறது. வலி இல்லை என்ற தைரியத்தில் தொழிலாளி மறுநாளே முழு நிரைக்குப் போகிறார். அந்த மாதத்துச் செக்ரோல் அழகாக இருக்கும். மூன்றாம் மாதத்தில் கை முன்னைவிட மோசம். பிறகு இன்னோர் ஊசி, அதற்குப் பிறகு இன்னொன்று, அப்புறம் "ஊசியும் பலிக்கவில்லை, கத்தி வைப்போம்" என்ற பேச்சு. அக்காளின் கதையும் இப்படித்தான் நடந்தது.

பின் என்ன செய்வது? முதலில் டாக்டரிடம் காட்டி, இது அந்த நோய்தானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவேண்டும். கழுத்து எலும்பிலிருந்து இறங்கும் நரம்பு நெரிபட்டாலும் முழங்கையில் வலிக்கலாம். விரல் மரத்துப்போவதோ, கை பலம் இழப்பதோ இருந்தால் அது வேறு சங்கதி. இந்த நோய்தான் என்று தெரிந்தால், வலிக்கும் வேலையைக் குறைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கவேண்டும். மேசைமேல் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் பிடித்து, மற்றக் கையின் உதவியால் மேலே தூக்கிவிட்டு, ஐந்து எண்ணும்வரை மெல்ல மெல்ல இறக்கவேண்டும். பத்துப் பதினைந்து தடவை, இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்று. இலேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் வரையில் நீடித்தால் பாரத்தைக் குறைக்கவேண்டும். இப்படி மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிரிவு உண்டு. எழுதிக் கொடுக்கும்படி டாக்டரைக் கேளுங்கள். முன்கையில் கட்டும் பட்டியால் சிலருக்குச் சற்று ஆறுதல் கிடைக்கிறது.

வேலையிலும் சில சங்கதிகள் உண்டு. மழுங்கிய உளிக்கு இரட்டிப்பு இறுக்கம் தேவைப்படும். சாணைக்கல்லுக்கு அரைமணி நேரம் கொடுக்காத தோட்டம் தொழிலாளியின் கையிலிருந்து அந்த அரைமணியை எடுத்துக்கொள்கிறது. பிடி மெலிந்த உளிக்குத் துணியோ ரப்பரோ சுற்றிப் பருமனாக்கினால் விரல் அவ்வளவு இறுக வேண்டாம். வாளியை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி அணைத்துத் தூக்கினால் அந்த முண்டின்மேல் பாரம் குறையும். ரப்பர் அழிந்து செம்பனை வந்த தோட்டங்களில் நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை தள்ளுகிற தோழர்களுக்கும் இவை பொருந்தும்.

இனி ஆபரேஷனுக்கு வருவோம். முண்டுக்கு மேலே சிறிதாகக் கீறி, நைந்துபோன பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். அமெரிக்காவில் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரு டாக்டர்கள் 1979-இல் வெளியிட்ட அறிக்கைதான் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கத்தி வைத்த 88 முழங்கைகளில் நூற்றுக்கு 97-க்கு மேல் முன்னேற்றம் கண்டதாகவும், 85 அளவில் முழு வேலைக்கும் விளையாட்டுக்கும் திரும்பியதாகவும் எழுதினார்கள். ஆபரேஷன் பேசுகிறவர்கள் இந்தத் தொகையைத்தான் சொல்வார்கள். அதே அறிக்கையில் இன்னொரு தொகையும் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு வருஷத்தில் அவர்கள் பார்த்த இந்த நோயாளிகள் 1,213. ஆபரேஷனுக்குப் பெயர்போன டாக்டர்களே ஆயிரத்து இருநூறு பேரில் 82 பேருக்குத்தான் கத்தியை எடுத்தார்கள்!

இன்னொரு சோதனை இதைவிட யோசிக்க வைக்கிறது. சிட்னியில் குரோஸ்லாக், முரல் என்ற டாக்டர்கள், நாட்பட்ட வலியுள்ள 26 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு முழு ஆபரேஷன் செய்தார்கள். மீதிப் பேருக்குத் தோலைக் கீறித் திறந்து பார்த்துவிட்டு, நைந்த பகுதியைத் தொடாமலே தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2018-இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் குணம் ஏற்பட்டிருந்தது; ஆறு மாதத்திலும் சரி, இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் சரி, வித்தியாசம் இல்லை. இருபத்தாறு பேர் என்பது சிறிய தொகை; அதை வைத்து ஆபரேஷனே வீண் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஆனால் குணம் கொடுத்தது கத்தியா, கத்திக்குப் பின் கட்டாயமாகக் கிடைத்த ஓய்வும் காலமுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் எந்த மண்டோரும் உளியை எடு என்று சொல்லமாட்டார். கட்டுப் போடாத கைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை யாரும் கேலி செய்யவேண்டாம். பக்கத்துத் தோட்டத் தோழர் ஒருவர் பதினாறு மாதம் எல்லா வழியும் பார்த்தார். நான்கு மாதம் ஆயாக்கொட்டகைத் தோட்டத்திலும் நாற்றங்காலிலும் இலேசு வேலை செய்தார், பயிற்சியும் விடவில்லை. வலி தீரவில்லை, இரவில் தூக்கமும் போயிற்று. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துக்கொண்டு இன்று வேலைக்கு வருகிறார். அவர் செய்தது நியாயம். வருஷம் ஒன்று கடந்து, வேலையும் குறைத்துப் பார்த்து, பயிற்சியும் செய்து, பிறகும் கை உதவாமல் இருந்தால், ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் தைரியமாகப் பேசலாம். சீழ் பிடிப்பது, நரம்பில் அடிபடுவது, வலி அப்படியே நிற்பது ஆகியவை அரிதாகவேனும் நேரக்கூடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே பேசவேண்டும்.

அப்படி முடிவு செய்கிறவர்கள் சட்டத்தையும் கையில் வைத்திருக்கவேண்டும். தையல் பிரிக்க இரண்டு வாரம். இறுக்கிப் பிடிக்கும் வேலைக்குத் திரும்பப் பெரும்பாலும் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். தீபகற்பத்தில் 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை, இரண்டு வருஷத்துக்குள் சேவை உள்ளவருக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நோய்க்கு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் முந்தியதோடு சேராமல் தனிக் கணக்கு. இரண்டையும் கூட்டினாலும் பழைய தொழிலாளிக்கு 82 நாள்தான். கை முழுப் பலம் பெறுவதற்குள் விடுமுறை தீர்ந்துபோகலாம். மிச்ச நாளுக்கு இலேசு வேலை உண்டா என்று, கத்தி வைப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

சொக்சோ இருக்கிறதே என்பீர்கள். விபத்துக்கு மட்டுமல்ல, வேலையால் வந்த நோய்க்கும் சொக்சோவில் இடமுண்டு. டாக்டர் கொடுக்கும் விடுமுறை நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்து, கோரிக்கையும் ஏற்கப்பட்டால், தினக் கூலியில் நூற்றுக்கு 80 என்ற கணக்கில் தற்காலிக ஊன உதவித்தொகை உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நோய் வேலையால் வந்தது என்று காட்டவேண்டுமே! அங்கேதான் நம்மவர்கள் தோற்கிறார்கள். டாக்டர் என்ன வேலை என்று கேட்டால் "தோட்ட வேலை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை வருஷமாக, நாளைக்கு எத்தனை மரம், எந்தக் கையில் உளி, எந்த மாதத்தில் வலி தொடங்கியது என்று முதல் நாளே சொல்லி, சீட்டில் எழுதச் செய்யவேண்டும். நிறுவை இறங்கிய மாதங்கள் செக்ரோலில் இருக்கின்றன. கணக்கு எழுதும் கிராணிகள் அதை எடுத்துக்காட்டத் தயங்கக் கூடாது.

அக்காளின் காகிதத்தை நாம் வாசித்துச் சொன்னோம். அவர் அதை மடித்து வைத்துவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கப் போயிருக்கிறார். கிளைக் கமிட்டி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது. டாக்டர் சீட்டு உள்ளவருக்குப் பன்னிரண்டு வாரம் உளி பிடிக்காத வேலை கொடுக்கவேண்டும். அந்த வாரங்களில் கூலி குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. சாணைக்கல் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடவேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் துண்டு வேலைக்காரருக்கும் பொருந்தும் என்பதை நிர்வாகம் அறியும். கடிதம் போய் மூன்று வாரமாகிறது. பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுவோம். அதுவரையில், ஆபரேஷன் காகிதம் கையில் கிடைத்த தோழர்களும் தாய்மார்களும், அதில் கையெழுத்திடுவதற்கு முன் மாலை ஆறு மணிக்குமேல் கிளைக் காரியதரிசியின் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து வாசித்துச் சொல்லுகிறோம்.